கொப்புப் போட்டால் மீன் வருமா?



போன சித்திரை விடுமுறையில் நமது இரண்டு டிவிஷன்களிலும் இருந்து இரண்டு பஸ்களில் திருகோணமலைக்குப் போய் வந்தோம். கோணேசர் கோவிலைப் பற்றியும், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளித்ததைப் பற்றியும் லயத்துக்கு லயம் பேசி முடித்து விட்டார்கள். நாங்கள் எழுத வந்தது வேறு ஒரு சங்கதி. இரண்டாம் நாள் பின்னேரம் துறைமுகப் பக்கத்தில் ஒரு இறங்குதுறையில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தித் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். "ஐயா, தூணைச் சுத்தி மட்டும் மீன் கூட்டமா நிக்குது. நடுவில ஒண்ணுமே இல்ல. அது ஏன்?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஏற்கனவே ஒரு காரியத்தைக் கெடுத்து விட்டோம். அதை இந்தப் பக்கத்தில் ஒளிக்காமல் சொல்வதுதான் முறை.

2022-ம் ஆண்டு நெருக்கடிக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டின்மீன் ஒருபுறம் இருக்கட்டும், கருவாடு கூட கைக்கு எட்டாத பொருளாகி விட்டது. அந்த நேரத்தில் மேல் டிவிஷன் வாலிபர்கள் ஒரு நல்ல யோசனையோடு வந்தார்கள். நமது பழைய டேமில் முன்பு விட்ட திலாப்பியா மீன் பெருகி நின்றது. ஆனால் தூண்டில் போட்டால் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லைச் சேர்த்து டேமுக்குள் இறக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் பலன் தெரிந்தது. மிலாறுக் குவியலுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டவர்கள் எல்லாம் கறிக்கு மீன் கொண்டு போனார்கள். எங்களுக்கும் சந்தோஷம். ஒரு வலை வாங்கினால் எல்லாக் காம்பராவுக்கும் பங்கு கொடுக்கலாமே என்று நலன்புரி நிதியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான். வலையின் கண்ணி எவ்வளவு பெரிது என்று நாங்கள் கேட்கவில்லை.

குவியலைச் சுற்றி வலையைப் போட்டு, மிலாறை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, வலையைச் சுருக்கி வாரினார்கள். முதல் தடவை இரண்டு சாக்கு. இரண்டாம் தடவை ஒரு சாக்கு. மூன்றாம் தடவை வந்தது விரல் அளவுக் குஞ்சுகள். அதில் பாதியை நாய் தின்றது. பிறகு மாதக் கணக்கில் அந்த டேமில் தக்கை அசையவே இல்லை. "மீன் வேற பக்கம் போயிருச்சுங்க" என்று வாலிபர்கள் சொன்னார்கள். நாலு பக்கமும் கரை கட்டிய டேமில் மீன் எங்கே போகும்? இருந்ததை எல்லாம் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு, ஒரே வலையில் வாரி விட்டோம் என்பதுதான் உண்மை.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மீன் ஏன் தூணைத் தேடிப் போகிறது?

தண்ணீருக்குள் எந்தக் கட்டை, கல், கம்பி கிடந்தாலும் சில நாளில் அதன் மேல் வழுவழுவென்று பாசி படியும். பாசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களும் சின்னப் புழுக்களும் குடியேறும். அதைத் தின்ன மீன்குஞ்சு வரும். குஞ்சைத் தின்ன பெரிய மீன் வரும். இது சாப்பாட்டுக் கணக்கு. மற்றது பாதுகாப்பு. வெட்ட வெளித் தண்ணீரில் குஞ்சுக்கு மறைய இடமில்லை. மேலே நீர்க்காகம், கீழே விரால். சிக்கலான கொப்புக்குள் நுழைந்து விட்டால் விரால் துரத்தி வர முடியாது. அதோடு நிழல் இருக்கிறது, இழுக்கும் தண்ணீரில் ஒதுங்கி நிற்க இடமும் இருக்கிறது. கணவாய் போன்றவை முட்டையைத் தொங்க விடுவதற்கே கொப்பைத் தேடும். ஆகவே கடை, வீடு, பிள்ளைப் பேற்று அறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது போலத்தான் மீனுக்கு.

திருகோணமலைத் துறைமுகத்தில் இதற்கு மிகப் பெரிய சாட்சி ஒன்று கிடந்தது. 1942 ஏப்ரல் 9-ம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது 'சகாய்ங்' என்ற பிரித்தானியக் கப்பல் தீப்பிடித்து அழிந்தது. அதன் கூடு துறைமுகத் தண்ணீருக்குள்ளேயே 70 வருடத்துக்கு மேல் கிடந்து, 2018 மார்ச் மாதம் கடற்படைச் சுழியோடிகளால் மேலே எடுக்கப்பட்டது. அதே 1942 ஏப்ரல் 9-ம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் இன்றும் கிடக்கிறது. மனிதன் சாவதற்காகப் போட்ட குண்டு, மீனுக்கு வீடு கட்டிக் கொடுத்து விட்டது. அப்படிக் கிடக்கும் கப்பலின் இரும்பில் சிப்பியும் பாசியும் பற்றி, கலவாயும் பாரையும் குடியிருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத் தீவைச் சுற்றியுள்ள முருகைக் கற்பார் இயற்கையாகவே இந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் 2003-ல் அதைத் தேசிய பூங்காவாக்கினார்கள்.

இறங்குதுறையில் எங்களோடு நின்றவர் நம் கீழ் டிவிஷன் அக்கா ஒருவரின் தாய்மாமன். 1977-ம் ஆண்டுக் கலவரத்தில் மலையை விட்டு இறங்கித் திருகோணமலைப் பக்கம் குடியேறியவர்களில் அவரும் ஒருவர். கொழுந்துக் கூடையைப் பார்த்து வளர்ந்தவர், இன்று வலை பொத்துகிறார். எங்கள் டேம் கதையைக் கேட்டு விட்டுச் சிரித்தார். "வெல்பெயார் ஐயா, தூணுக்கு வாற மீன் எல்லாம் வேற எங்கயோ நின்ன மீன்தானே. தூண் குட்டி போடுமா?" என்றார்.

இவ்வளவு படித்தும் எங்களுக்கு விளங்காதது இதுதான். கொப்பு மீனைக் கூட்டும். கூட்டுவது வேறு, பெருக்குவது வேறு. கடலில் இந்த வித்தியாசம் சீக்கிரம் தெரியாது, ஏனென்றால் கடல் பெரிது, ஓரிடத்தில் பிடித்தால் இன்னோரிடத்திலிருந்து வரும். சின்ன டேமில் மூன்றாவது இழுப்பிலேயே தெரிந்து விடும்.

திலாப்பியாவை எடுத்துக் கொள்ளுங்கள். 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து நம் நாட்டுக் குளங்களில் விட்ட மீன் இது. ஆண் மீன் ஆழமில்லாத கரையோரத்தில் சேற்றிலோ மணலிலோ வட்டமாகக் குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு, பிறகு முட்டையை வாய்க்குள் எடுத்து வைத்துப் பொரிக்கும். குஞ்சு வெளியே வந்த பின்னும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடும். ஆக, முட்டையிடுவதற்கு அதற்கு மிலாறு தேவையே இல்லை. தாயின் வாயை விட்டுப் பிரிந்த குஞ்சுக்குத்தான் மறைப்பு தேவை. நாங்கள் வலையைப் போட்டு வாரியது சரியாக அந்த வயசுக் குஞ்சைத்தான்.

கொப்புப் போட்டு மீன் பிடிப்பது நம் வாலிபர்கள் கண்டு பிடித்ததல்ல. நீர்கொழும்புக் களப்பில் இதை 'மஸ் அத்து' என்கிறார்கள். சிங்களத்தில் அத்து என்றால் கிளைகள். கண்டல் மரக் கிளைகளைக் களப்பின் சேற்றில் வட்டமாக நெருக்கி ஊன்றி, சில வாரம் அப்படியே விட்டு விடுவார்கள். பிறகு சுற்றி வலை கட்டி, கிளைகளைப் பிடுங்கி வெளியே போட்டு, மீனையும் இறாலையும் அள்ளுவார்கள். நமது டேமில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் களப்பு கடலோடு சேர்ந்தது. அள்ளிய இடத்துக்குக் கடலிலிருந்து புதுக் குஞ்சு வந்து சேரும். அங்கே மீனவக் குடும்பங்கள் கிளைக்காகவே கண்டல் நாட்டி வளர்ப்பதும் உண்டு. காட்டை மட்டும் வெட்டிக் கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு? ஆபிரிக்காவில் பெனின் நாட்டு ஏரிகளிலும் 'அகாஜா' என்ற பெயரில் இதே முறை இருக்கிறது. அங்கே மரம் வெட்டி வெட்டிக் காடு குறைந்ததும், எந்தக் குவியல் யாருடையது என்று சண்டை வந்ததும் எல்லாரும் அறிந்த கதை. அமெரிக்காவில் கிராப்பி என்ற ஏரி மீனுக்காக, நத்தார் முடிந்ததும் வீசும் மரங்களைக் கல் கட்டி ஏரியில் இறக்குகிறார்கள். பண்டிகை மரத்துக்கு இப்படியும் ஒரு மறுபிறப்பு!

எதையும் தண்ணீருக்குள் தள்ளினால் மீனுக்கு நல்லது என்று நினைத்து விடக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் 1972-ல் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாக இறக்கினார்கள். 20 லட்சம் அளவில் டயர். கட்டியிருந்த கட்டு கடல் தண்ணீரில் அறுந்தது. டயர்கள் புயலில் உருண்டு, பக்கத்தில் இருந்த நல்ல முருகைக் கற்களின் மேல் மோதி அவற்றையும் நாசமாக்கின. 2007 முதல் படைச் சுழியோடிகளை விட்டு அவற்றைத் திரும்பப் பொறுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2021 ஜூனில் பழைய பஸ் கூடுகளைக் கடற்படை உதவியோடு வடக்குக் கடலில் இறக்கினார்கள். மீன் பெருகும் என்பது இந்தப் பக்கத்தின் எண்ணம். வலை மாட்டிக் கிழியும் என்று இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒருவருக்கு மீன் வீடாகத் தெரிவது இன்னொருவருக்கு வலை கிழிக்கும் முள்ளாகத் தெரிகிறது.

இந்த வலை கிழியும் விஷயத்தைத்தான் திரும்பி வரும் வழியில் கந்தளாய்க் குளக்கட்டில் இன்னும் நன்றாகப் படித்தோம். பஸ்ஸை நிறுத்தித் தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் திலாப்பியா விற்றுக் கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண். நம் பெண்கள் விலை பேசி வாங்கினார்கள். குளத்தோரத்தில் தண்ணீர் ஏறிய இடத்தில் பட்ட மரங்கள் நிற்பதைக் காட்டி, அங்கே மீன் நிறைய இருக்குமே, ஏன் அங்கே வலை விடுவதில்லை என்று கேட்டோம். "அதுக்குள்ள விட்டா வலை தும்பு தும்பாப் போயிடும் தம்பி. அதுக்குள்ள நிக்கிறதை அல்லா பார்த்துக்குவான். வெளிய வாறதை நாங்க பிடிப்பம்" என்றார்.

அந்த வார்த்தை எங்களைப் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் விடவில்லை. கந்தளாயில் மரம் குளத்தைக் காப்பது மீனைக் கூட்டுவதால் மட்டுமல்ல, வலையைத் தடுப்பதால். நமது மிலாறு மீனைக் கூட்டியது, ஆனால் இழுத்தவுடனே கையோடு வந்து விட்டது. மீனை ஒரே இடத்துக்கு அழைத்து விட்டு, கதவையும் திறந்து வைத்தோம்.

இன்னொன்றையும் மாமன் சொன்னார். கடலில் மீன் கூடும் பாரைத் தெரிந்து கொண்டு வெடி போடுபவர்கள் திருகோணமலைப் பக்கத்தில் உண்டு. ஒரு வெடியில் மீனோடு குஞ்சும் முருகைக் கல்லும் சேர்ந்து தூளாகும். செத்ததில் பாதி மிதக்காமல் அடியிலேயே அழுகும். 1996-ம் ஆண்டின் 2-ம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தில் வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பது குற்றம். கடலுக்கு மட்டுமல்ல, குளத்துக்கும்தான். நம் ஓடைகளில் மருந்து கலந்து மீன் பிடித்த கதை நமக்கும் தெரியாததல்ல. கொத்மலைப் பக்கத்து ஓடைகள் மகாவலியில் சேர்ந்து, கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகின்றன. மாமன் வலை விரிக்கும் தண்ணீரில் நம் ஊர்த் தண்ணீரும் உண்டு.

சரி, இந்த வருடம் டேமில் என்ன செய்யப் போகிறோம்? வாலிபர்களோடும் மாதர் சங்கத்தோடும் உட்கார்ந்து பேசியதைச் சொல்கிறோம்.

மிலாறு அடுப்புக்கும் வேண்டும் என்று அக்காமார் முதலிலேயே சொல்லி விட்டார்கள், அது நியாயம். ஆகவே தடித்த கட்டைகளை அடுப்புக்கு விட்டு, கிளை பிரிந்த முறுக்கல்களை மட்டும் எடுப்போம். பச்சையாக இலையோடு இறக்கக் கூடாது. போன முறை நாங்கள் செய்த இன்னொரு பிழை அது. இலை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை உறிஞ்சி விடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதுதான் காரணம். வெயிலில் போட்டு இலை உதிர்ந்து காய்ந்த பிறகே இறக்க வேண்டும். கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்த மலையாக இருந்தால் நாலைந்து நல்ல மழையில் நனைய விட வேண்டும். செம்பு மீனுக்கு ஆகாது. கருப்பந்தேயிலைக் கொப்பு வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் தண்ணீரில் இறங்கும். மூங்கில் நல்லது, நீண்ட நாள் நிற்கும்.

எங்கே போடுவது? டேமின் ஆகக் கூடிய ஆழத்தில் போட்டுப் பிரயோசனமில்லை. அடித் தண்ணீர் குளிர்ந்து, காற்றோட்டம் இல்லாமல் கிடக்கும், மீன் அங்கே அதிகம் தங்காது. கரை சரிந்து ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில், ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீரில் போட வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் எவ்வளவு வற்றும் என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். குவியலுக்குள் சின்ன இடைவெளியும் பெரிய இடைவெளியும் கலந்து இருக்கட்டும். எல்லாம் நெருக்கமாக இருந்தால் குஞ்சு மட்டும் நுழையும், எல்லாம் அகலமாக இருந்தால் குஞ்சைத் தின்னும் மீனும் நுழையும். துருசுக்கும் வான் பாயும் இடத்துக்கும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். மிலாறு அடித்துக் கொண்டு போய்த் துருசை அடைத்தால் கட்டுக்கே ஆபத்து. 1986 ஏப்ரல் 20-ம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணம் வேறு. ஆனாலும் அணைக்கட்டு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பிள்ளைகள் குளிக்கும் பக்கத்திலும் போடக் கூடாது. கால் மாட்டினால் நீந்தத் தெரிந்தவனும் தப்ப மாட்டான். ஒவ்வொரு குவியலுக்கும் மேலே ஒரு வெறும் போத்தலை மிதக்க விட்டு அடையாளம் வைக்க வேண்டும்.

கட்டுவதற்குக் கம்பியோ நைலோன் கயிறோ வேண்டாம், தும்புக் கயிறு போதும். கொப்பு உக்கும் காலத்தில் கயிறும் உக்கிப் போகட்டும். டயர் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். புளோரிடாக் கதையை மேலே ஒரு தடவை படிக்கும்படி சொல்லி இருக்கிறோம்.

மொத்தம் நாலு குவியல். அதில் மூன்றின் அருகே தூண்டில் மட்டும். வலை கிடையாது. நாலாவது குவியல் பேச்சுக்கே இடமில்லாதது. அதை மூங்கில் கழிகளை நெருக்கி ஊன்றி, கணுவில் கிளைக் குத்திகளை வெட்டாமல் விட்டு, வலை போட்டால் வலை கிழிகிற மாதிரிக் கட்டுகிறோம். கந்தளாயில் பட்ட மரம் செய்கிற வேலையை நமது டேமில் அது செய்யும். உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த மீன் தூண்டிலில் வந்தால் திரும்ப விட வேண்டும். மேல் மலைக் குளிர் தண்ணீரில் திலாப்பியா கந்தளாயில் போல வேகமாக வளராது, அதையும் கணக்கில் வைத்துக் கொள்ளுங்கள். புதிய குஞ்சு கேட்டுத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்குக் கடிதம் எழுதியாயிற்று. கொத்மலை போன்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டக்காரர்கள், இதைப் படித்து விட்டுத் தாங்களாகவே கொப்பு இறக்கி விட வேண்டாம். அங்கே மீனவர் சங்கங்களும் நீர்த்தேக்க அதிகாரிகளும் இருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் இறக்கினால் அவர்கள் வலைதான் முதலில் கிழியும்.

பழைய வலையை வாலிபர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து விட்டார்கள். அதை அவரைப் பந்தலுக்குக் கேட்டு மாதர் சங்கத்தார் வந்திருக்கிறார்கள், கொடுக்கப் போகிறோம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக் கிழமை காலை எட்டு மணிக்கு டேம் கரையில் வேலை. கத்தியும் தும்புக் கயிறும் கொண்டு வாருங்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்குத் தக்கைப் போத்தல்களுக்கு நம்பர் எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறோம்.